கடலைப் பார்த்த கதிரைகள்

என் மனைவி இருபத்திரண்டு வருடமாகக் கோயிலில் பாடி வந்தாள். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய ஒரு பாட்டையாவது முதலடியிலிருந்து கடைசியடி வரைக்கும் நான் இருந்து கேட்டதில்லை.

பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஆம்பிளைகள் பூசைக்குப் போவதென்றால் கோயிலடிக்குப் போவது. உள்ளே போவது பெண்களின் வேலை. நாங்கள் வாசலுக்கு வெளியே பூவரசு நிழலில் நிற்போம். அங்கே நின்றால்தான் கடல் தெரியும். நற்கருணை நேரத்துக்குப் பத்துப் பதினைந்து பேராக ஒரு கதவால் நுழைந்து மற்றக் கதவால் வெளியே வருவோம். ஒருமுறை சுவாமி பொறுக்கமாட்டாமல் பிரசங்கத்திலேயே கேட்டார்: "வெளிய நிக்கிற ஆக்கள் பூசைக்கு வந்தீங்களா, பஸ்ஸுக்கு நிக்கிறீங்களா?" அதையும் நாங்கள் வெளியே நின்றுதான் கேட்டுச் சிரித்தோம்.

அதிலும் நான் மண்டாடி. தோணியில் கொண்டுபோய் வளைத்து, கரையிலிருந்து கயிற்றால் இழுக்கிற கரைவலைக்குக் கரையில் நின்று மீன் வரத்தைப் பார்த்து, எப்போது தோணியை இறக்குவது, எந்தப் பக்கம் வளைப்பது என்று சொல்கிறவன். வாயால் சொன்னால் அலைச் சத்தத்தில் தோணிக்காரருக்குக் கேட்காது. தோளில் கிடக்கிற துவாயை எடுத்துத் தலைக்கு மேலே மூன்று முறை வீசினால் 'விடு' என்று அர்த்தம். இந்த வேலைக்கு இரண்டு தகுதி வேண்டும். ஒன்று கூரான கண், மற்றது இருப்புக்கொள்ளாத உடம்பு. என் கண்ணைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. உடம்பைப் பற்றி ஒரே கருத்துத்தான்.

யுத்த காலத்தில் சுதந்திர தினம் என்றால் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிற நாள். யுத்தம் முடிந்து சில வருடம் போனபிறகு அது பாட்டும் கூத்துமாக மாறியது. ஒரு வருடம் மாலை நிகழ்ச்சியை எங்கள் கடற்கரையில் வைப்பதென்று முடிவாயிற்று. சிங்களப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, கற்பிட்டியிலிருந்து ரபான் மேளம் அடிக்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடனம். எங்கள் கோயில் பாடற்குழுவுக்கும் ஒரு பாட்டு. நாட்டைப் பற்றி ஒரு வாத்தியார் எழுதிக் கொடுத்த பாட்டு. நடுவிலே இரண்டு அடியைத் தனிக்குரலில் பாடவேண்டும். அது என் மனைவிக்கு வந்தது.

இரண்டு நாள் அவள் என்னிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள், மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது, மீனிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"இஞ்சேருங்க. நாலாம் தேதி நான் மேடையில பாடுறன்."

"நல்லம்."

"நீங்க முன்வரிசையில இருக்கவேணும்."

"வாறன். ஒரு பக்கமா நிண்டு..."

"நிக்கிறதில்ல. இருக்கிறது. கதிரையில. முதலடியில இருந்து கடைசியடி வரைக்கும்." கத்தியைக் கீழே வைத்தாள். "இருபத்திரண்டு வருசமாச் சாமிக்குப் பாடிட்டன். அவருக்கு வேற வழியில்ல, கேட்டுத்தான் ஆகவேணும். ஒருநாளாவது என்ர மனிசன் கேக்கட்டும்."

நான் ஏதோ பகிடி விட வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். புனித அன்னம்மாள் மேல் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். எழும்பமாட்டேன் என்று சத்தியம். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; நான் வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வீட்டில் எல்லாம் பாட்டுத்தான். ஒருநாள் சோறு அடிப்பிடித்தது. ஒருநாள் சொதியில் உப்பில்லை. நான் குறை சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க நானும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன், கதிரையில் இருப்பதற்கு.

விழாவுக்குப் பொறுப்பான ஐயா நல்ல மனிதர். இடம் பார்க்க வந்தவர் மேற்கே கையைக் காட்டி, "மேடைக்குப் பின்னால சூரியன் இறங்கவேணும். படம் எடுத்தால் அப்பிடி ஒரு வடிவு" என்றார். ஆகவே மேடையைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டார்கள். கதிரைகளைக் கடலைப் பார்த்துப் போட்டார்கள். கரைவலைக்காரர் இருநூறு பேரைக் கடலைப் பார்த்து இருத்திவிட்டு, நடுவிலே ஒரு மேடையைக் கட்டி, மேடையைப் பாருங்கள் என்றால் எப்படி? நான் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். ஆனால் கடல் தெரியும் என்ற சந்தோசத்தில் வாயைத் திறக்கவில்லை.

நிகழ்ச்சி முடியும்வரை வலை வளைப்பதில்லை என்று ஐயாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். தோணியில் வலையை ஏற்றி வைக்கக்கூடாது என்று எவரும் சொல்லவில்லையே. மத்தியானமே ஏற்றி, மேடைக்கு இடதுபக்கம் கொஞ்சம் தள்ளி, தோணிக்காரர் எட்டுப் பேரையும் அதன் நிழலில் இருத்திவைத்தேன்.

"என்னத்துக்கு மாமா?" என்று தண்டு வலிக்கிற ஒருவன் கேட்டான்.

"வடிவுக்கு. படத்தில தோணியும் விழட்டும்."

"வடிவுக்கு வலையும் ஏத்தவேணுமோ?"

"நீ வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிரு."

வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது மனைவி என் தோளைப் பார்த்தாள். துவாயை மெதுவாக உருவி எடுத்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டாள். அவளும் ஒரு மண்டாடியின் மகள்தான்.

நான் களிசான் போட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, முன்வரிசையில் போய் இருந்தேன். பிளாஸ்டிக் கதிரை மணலில் வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். ஒருமுறை அசைந்தால் ஒரு கால் ஒரு விரற்கடை இறங்கும். சும்மா இருக்கிறவன் நிமிர்ந்து இருப்பான். என்னைப் போன்றவன் அரைமணித்தியாலத்தில் வலதுபக்கம் சரிந்து, மூழ்கப்போகிற வள்ளம்போல் இருப்பான்.

எனக்குப் பக்கத்தில் கற்பிட்டி முதலாளி. எங்கள் மீனை வாங்குகிறவர், பழைய கூட்டாளி. ரபான் அடிக்கிற கூட்டத்தில் அவர் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணனும் இருந்ததால் வந்திருந்தார்.

"என்ன மச்சான், கதிரையில முள்ளா ஈக்கிது?"

"மணல் சரியில்ல."

"மணலுக்கு ஒண்டுமில்ல. என்ட கதிரையப் பாருங்க, பள்ளிவாசல் தூண் மாதிரி நிக்கிது."

ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதக் கொடி கொடுத்தார்கள், ஈர்க்குத் தடியில் ஒட்டினது. அறிவிப்பாளர் சொல்லும்போது எல்லாரும் ஆட்டவேண்டுமாம். அதுவரை மடியில் வைத்திருக்கவேண்டுமாம். எனக்குக் கையில் ஒன்று கிடைத்தது பெரிய ஆறுதல். தடியை உருட்டினேன். முதுகைச் சொறிந்தேன். முதலாளி, "மச்சான், தேசியக் கொடி" என்றார். வெட்கப்பட்டு மடியில் வைத்தேன்.

பேச்சுகள் சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. எங்கள் கரையில் பாதிப்பேருக்கு இரண்டும் விளங்கும், ஆகவே ஒவ்வொரு பகிடிக்கும் இரண்டு முறை சிரிக்கவேண்டியிருந்தது. பிள்ளைகள் குடம் வைத்து ஆடினார்கள். காற்று பதாகையை அடித்து அடித்து ஒரு பக்கக் கயிற்றை அறுத்தது. சூரியன் எங்கள் கண்ணுக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. இருநூறு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கண்ணீர் வழிய இருந்தோம். எங்கள் வரிசைக்கும் முன்னால் மெத்தைக் கதிரையில் இருந்த விருந்தாளி ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஐயாவிடம் ஏதோ சொன்னார். ஐயாவின் முகம் மலர்ந்தது. சனம் உருகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

என் மனைவி எப்போது ஏறுவாள் என்று தெரியவில்லை. நிரலில் நாலாவது என்றிருந்தது ஏழாவதாயிற்று. எனக்குத் தொடை மரத்தது. மேடையைப் பார்த்தேன். மேடைக்கு மேலால் பார்த்தேன். மேடையைப் பார்த்தேன். மேடைக்கு மேலால் அதிகநேரம் பார்த்தேன்.

கடைசியில் பாடற்குழு ஏறியது. நீலச் சேலையில் பன்னிரண்டு பேர். அவள் நடுவில். என்னைத் தேடினாள், கண்டாள், நான் இருக்கிறேனா நிற்கிறேனா என்று உறுதிப்படுத்தினாள். பிறகுதான் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

எல்லாரும் சேர்ந்து முதல் பகுதி பாடினார்கள். பிறகு அவள் தனியாக. வீட்டில் சட்டி பானைச் சத்தத்துக்குள் கேட்ட குரல் இல்லை அது. காற்றுக்கு எதிராக நிமிர்ந்து நின்று போகிற குரல். முதலடி முடிந்தது.

அப்போதுதான் அதைக் கண்டேன்.

மேடையின் இடது மூலைக்கு மேலே, கடலில், ஒரு கறுப்பு. நல்ல அகலம். கரையைப் பார்த்து நகர்ந்தது. சாளைமீன்! அவ்வளவு சாளையை நான் அந்த வருடம் கண்டதில்லை. என் கால் தானாக மணலைத் தோண்டியது.

முதலாளி என் பார்வையைத் தொடர்ந்து பார்த்தார். "மச்சான், அது முகில் நிழல்" என்று மெதுவாகச் சொன்னார்.

"நீங்க மீனை நிறுக்கத்தான் தெரிஞ்ச ஆள். பேசாம இருங்க."

"பறவை ஒண்டையும் காணல்லயே."

பறவை இல்லைத்தான். மண்டாடி முதலில் பார்க்கவேண்டியது பறவையை. ஆனால் இரண்டு மணித்தியாலம் கதிரையில் கட்டுண்டு கிடந்த ஒருவன் எதைப் பார்த்தாலும் அவனுக்கு மீன்தான்.

எழும்பக்கூடாது. நான் எழும்பவில்லை. சத்தியம் எழும்புவதைப் பற்றி மட்டும்தானே? அவள் இரண்டாம் அடியைத் தொடங்கினாள். மெதுவான அடி. எவரும் கொடி ஆட்டுகிற நேரமில்லை. அறிவிப்பாளரும் ஒன்றும் சொல்லவில்லை. இருநூறு மடியில் இருநூறு கொடி சும்மா கிடந்தது. நான் என்னுடையதை எடுத்து, இருந்த இருப்பிலேயே, தலைக்கு மேலே மூன்று முறை வீசினேன்.

பாட்டில் மயங்கிப்போய் ஆட்டினேன் என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே பொய் சொல்ல மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்துதான் வீசினேன்.

தோணி நிழலிலிருந்து எட்டுப் பேரும் துள்ளி எழும்பினார்கள். தோணியை எட்டுப் பேரால் தள்ள முடியாது. இருபது பேர் வேண்டும். பின்வரிசையிலிருந்து இருபது பேர் ஓடினார்கள். தோணி இறங்கினால் கயிற்றில் கை வைக்கிற எவருக்கும் கறிக்கு மீன் உண்டு, அது எங்கள் கரை வழக்கம். ஆகவே நாற்பது பேர் ஓடினார்கள். பிறகு பெண்கள். பிறகு குடம் வைத்து ஆடின பிள்ளைகள், தலையில் பூவோடு. ரபான்காரரில் இரண்டு பேர் ரபானைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்கள். பாடற்குழுவில் வலது ஓரம் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், மேடைக்குப் பின்னால் குதித்தாள்.

என் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பாடிக்கொண்டிருந்தாள். பாடிக்கொண்டே என் கையைப் பார்த்தாள். என் கை இன்னும் மேலே இருந்தது.

மெதுவாக இறக்கினேன்.

விருந்தாளிகள், ஐயா, நாலைந்து வாத்திமார், முதலாளி, நான். மிச்சமெல்லாம் வெறும் கதிரை. அந்த வெறுமைக்கு நடுவில்தான் நான் அவளுடைய பாட்டை முதல்முதலாகக் கேட்டேன். இரண்டாம் அடியின் நடுவில் அவள் சின்னதாக ஒரு மூச்சு எடுக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாசற்படியில் கால் வைக்க முந்தி ஒரு கணம் நிற்பதுபோல. இருபத்திரண்டு வருடமாகக் கோயில் பாட்டுகளிலும் இப்படி மூச்சு எடுத்திருப்பாள். நான் பூவரசுக்குக் கீழே நின்றிருக்கிறேன்.

கடைசியடி முடிந்தது. நான் கை தட்டினேன். அது வெளியில் தனியாக ஒருவன் நுளம்பு அடிக்கிற மாதிரிக் கேட்டது. சத்தியம் நிறைவேறிவிட்டது, இனி ஓடலாம் என்று எழும்பப் பார்த்தேன். கதிரையின் இரண்டு கால் மணலுக்குள் போயிருந்தது. அதற்குள் அவள் இறங்கி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"இருங்க" என்றாள்.

இருந்தேன். மண்டாடி இல்லாமல் அங்கே வலை வளைபடுகிறது. தெற்குக் கயிறு முந்துகிறது, வடக்கு பிந்துகிறது, எனக்குத் தெரிகிறது, கத்தவேண்டும்போல் இருக்கிறது. நன்றியுரை சிங்களத்தில் நடந்தது. நன்றியுரை தமிழில் நடந்தது. இரண்டிலும் 'திரளாக வருகை தந்த பொதுமக்களுக்கு' நன்றி சொன்னார்கள்.

பிறகு தேசிய கீதம். எழும்பி நின்றோம். கயிற்றடியிலும் சனம் அப்படியே நின்றுவிட்டது. நூறு பேருக்கு மேல், இரண்டு வரிசையாக, விறைப்பாக, கயிறு கையில். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அந்த வருடம் இரண்டு மொழியிலும் பாடினார்கள். கடல் சும்மா இருக்குமா? வலை கடற்பக்கம் இழுக்க, எங்கள் ஊர்ச்சனம் அசையாமல் நின்றபடியே, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போனது. சிங்களம் முடியும்போது கணுக்கால். தமிழ் முடியும்போது முழங்கால். ஒருவர்கூட வரிசை குழம்பவில்லை. நான் கண்ட மரியாதைகளில் அதைவிடப் பெரியது இல்லை.

பொழுது படும் நேரம் வலையின் மடி கரைக்கு வந்தது. இரண்டு கூடை காரல், தொட்டால் கை அரிக்கிற வழுவழுத்த சொறிமீன் ஒரு மலை, யாரோ தொலைத்த ஒரு செருப்பு. சாளை ஒன்றுகூட இல்லை.

"கீதம் பாடேக்க கயிறு இளகினதில தப்பிட்டுது" என்றேன் கூட்டத்திடம்.

முதலாளி காரலைக் காலால் புரட்டினார். "முகில் தப்பிப் போறல்ல மச்சான். அது வந்த வழிக்குப் போற."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவள் துவாயை அலுமாரியிலிருந்து எடுத்து என் தோளில் போட்டாள். அடுத்தநாள் மத்தியானம் காரல் குழம்பு. எல்லாம் முள். "சாப்பிடுங்க, சுதந்திர தினத்து மீன்" என்றாள். நான் ஒவ்வொரு முள்ளாக எடுத்துச் சாப்பிட்டேன். நடுவில், "அந்த ரெண்டாவது அடியில ஒரு மூச்சு எடுக்கிறாய் என்ன?" என்று கேட்டேன். அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள்.

அடுத்த வருடமும் அதே கடற்கரை. ஐயா வீட்டுக்கே வந்து, போனமுறை மேடையை விட்டு இறங்காமல் பாடினதற்கு என் மனைவியிடம் நன்றி சொல்லி, இந்தமுறையும் பாடவேண்டும் என்று கேட்டார்.

"பாடுறன் ஐயா. ஒரு விசயம். மேடையை மற்றப் பக்கம் போடுங்க."

"சூரியன்?"

"சூரியன் எங்கட முகத்தில படட்டும். இவருக்கு முதுகில படட்டும்."

அப்படியே போட்டார்கள். பாடுகிறவர்கள் கடலைப் பார்த்து, நாங்கள் கடலுக்கு முதுகு காட்டி. துவாய் மறுபடியும் அலுமாரிக்குள். முன்வரிசையில் எனக்குக் கொடி கொடுக்கவேண்டாம் என்று அவள் சொல்லிவைத்திருந்தாள் போல. கொடி கொடுத்து வந்த பிள்ளை என்னைக் கடந்து முதலாளிக்குக் கொடுத்தது. முதலாளி அதை எனக்குக் காட்டிக் காட்டி ஆட்டினார்.

முதுகுக்குப் பின்னால் கடல் இருந்தால் என்ன பாடு தெரியுமா? கழுத்து தானாகத் திரும்பும். அலை விழுகிற சத்தத்தை எண்ணினேன். ஒரு பறவை கத்தினது. என்ன பறவை? ஏன் கத்தினது? திரும்பினால் அவள் காண்பாள். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அவளையே பார்த்தேன்.

முதலடி பாடினாள். வெயிலில் கண்ணைச் சுருக்கியிருந்தாள். இரண்டாம் அடி. அதன் நடு வந்தது. நான் அந்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். அவள் எடுக்கவில்லை. குரல் நிற்காமல் நேரே போயிற்று, நீளமாக, ஒரே இழுப்பாக, கடைசிவரை. சனம் அடங்கிப் போயிருந்தது. முதலாளிகூடக் கொடியை மடியில் வைத்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல். வந்து பக்கத்தில் இருந்தாள். நெற்றி வேர்த்திருந்தது.

"நல்லாயிருந்துது" என்றேன்.

"எது?"

"ரெண்டாவது அடியில இந்தமுறை மூச்சு எடுக்கல்ல. அது."

அவளுக்குச் சந்தோசம். மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

"எடுக்கேலாமப் போச்சு. மீனைக் கண்டிட்டன்."

"எங்க?"

"உங்கட தலைக்கு மேலால. சாளை. மேலால பறவையும். மூச்சு எடுக்க நிப்பாட்டினா 'விடு' எண்டு கத்திப்போடுவன் எண்டு பயம். அதுதான் ஒரேயடியாப் பாடிட்டன்."

நான் திரும்பினேன். கதிரை சரிந்தது. கடல் முழுக்க வெயில் தெறிப்பு, வெள்ளித் தகடுபோல். பறவை ஒன்றும் இல்லை. இந்த வெயிலுக்குள் இவள் எப்படி மீனைக் கண்டாள்? கண்டாளா, அல்லது போன வருடத்துக்குப் பதில் தருகிறாளா? அவள் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"போயிட்டுதா?"

"போயிட்டுது" என்றாள். "நேர இருங்க. கீதம் பாடப்போறாங்க."